ஆயிரம் படியும் இரண்டு கோணியும்

மைசூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. ஊர்ப் பெருமை பேசும் வியாதி. நானே அந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. கன்னடத்தில் கறிவேப்பிலை கேட்கத் தெரியாது. ஆனால் சேலத்துக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம், "எங்கள் மைசூரில் ஃபேனே தேவையில்லை" என்று எழுதுவேன். (எங்கள் வீட்டு ஃபேன் ரிப்பேர் என்பதை எழுதவில்லை.)

இதை நம்பி அண்ணி ஒரு ஏப்ரலில் பிள்ளைகளை அனுப்பிவைத்தார். வனிதாவுக்குப் பத்து வயது, செந்திலுக்கு ஏழு. மைசூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து ஒப்படைக்கும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்:

"பத்து நாள்தான் மல்லிகா. வெயில்ல அலையவிட்டு ஏதாவது ஆச்சு, அடுத்த வருசம் கண்டிப்பா அனுப்ப மாட்டேன்."

சிரித்து மழுப்பினேன். உள்ளுக்குள் பயம்தான். என் கணவர் ஃபேக்டரிக்குப் போய்விட்டால் பேச ஆளில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அந்தப் பத்து நாளும் வீடு வீடாக இருந்தது. வருஷா வருஷம் அவர்கள் வர வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

ஒன்பது நாள் பத்திரமாகப் போயிற்று. மறுநாள் அண்ணி வந்து அழைத்துப்போவதாக ஏற்பாடு. கடைசி நாளை அமர்க்களமாக்க நினைத்து, சாமுண்டி மலைக்குப் படியேறிப் போகலாம் என்றேன்.

"ஆறு மணிக்கே கிளம்பிடு. ஆமேலே, அப்புறம் வெயில் ஏறிடும்," என்றார் கணவர். நான் புளியோதரை கிளறி முடித்து அடிவாரம் சேரும்போது எட்டரை. அதோடு விட்டேனா? வேண்டுதல் உள்ள பெண்கள் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து ஏறுவதைப் பார்த்ததும், நாமும் வைப்போம் என்று இரண்டு டப்பா வாங்கினேன். எனக்கு ஒரு வேண்டுதலும் கிடையாது. மற்றவர்களைப் போலச் செருப்பை அடிவாரத்தில் கழற்றிப்போட்டோம். வனிதா மஞ்சள், செந்தில் குங்குமம், நான் மேற்பார்வை.

சும்மா ஏறினால் ஒரு மணி நேரத்தில் மேலே போய்விடலாம். நாங்களோ முதல் நூறு படிக்கே அரை மணி எடுத்துக்கொண்டோம். குங்குமம் கோணலாகிவிட்டது என்று வனிதா அழிக்கச் சொல்வாள், செந்தில் மறுப்பான், நான் பஞ்சாயத்து பண்ணுவேன். எழுநூறாவது படியருகே இருக்கும் பெரிய நந்தி சிலையை அடைந்தபோது மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது. படிகள் தோசைக்கல்லாகியிருந்தன.

"அத்தை, உங்க ஊர்ல வெயிலே இல்லீன்னு சொன்னீங்க?" என்றான் செந்தில், ஒற்றைக்காலில் குதித்தபடி.

"இது வெயில் இல்லடா, வெளிச்சம்," என்றேன். (இதைச் சொன்னபோது நானும் குதித்துக்கொண்டுதான் இருந்தேன்.)

பக்கத்தில் தார் ரோடு இருந்தது. கால் வைத்துப் பார்த்தேன். படியே தேவலை. செந்திலைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். இரண்டு படியில் மூச்சு வாங்கி இறக்கினேன். மூவரும் மரநிழலில் ஒடுங்கினோம். பிள்ளைகளின் பாதங்களைத் திருப்பிப் பார்த்தேன். நல்லவேளை, கொப்புளம் இல்லை. ஒரு கொப்புளம் வந்தாலும் அண்ணி சொன்னதைச் செய்துவிடுவார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் அந்த நிழலில் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்த அம்மாவைக் கவனித்தேன். கூடையின் மேல் ஈரக் கோணி. கூடையின் கீழும் ஈரக் கோணி. இரண்டையும் கைகாட்டிக் கேட்டேன். என் கன்னடத்தைக் கேட்டுப் பரிதாபப்பட்டு அவர் கன்னடம் கலந்த தமிழிலேயே சொன்னார்:

"தகொண்டு போம்மா. மேலே என் தங்கச்சி கடை இருக்கு. அவகிட்ட கொடுத்துடு."

ஒரு கோணியைப் படியில் விரித்து மூவரும் ஏறி நின்றோம். இன்னொன்றை முன்னால் விரித்துத் தாவினோம். பின்னால் கிடந்ததை உருவி மறுபடியும் முன்னால் விரித்தேன். ஒரு விரிப்புக்கு மூன்று படி. அந்த நிலையிலும் வனிதா, "மஞ்சள் வச்சிட்டு விரிங்க அத்தை!" என்று அடம்பிடித்தாள். அவள் வைக்க, செந்தில் பொட்டிட, அதன்மேல் நான் கோணியைப் போட, அத்தனையும் கோணியில் ஒட்டிக்கொண்டு, அங்கிருந்து எங்கள் பாதங்களுக்கு வந்து சேர்ந்தது.

நிழல்களில் மாட்டிக்கொண்டு தவித்த மற்றவர்கள் இதைப் பார்த்தார்கள். ஒருவர் துண்டை நனைத்து விரித்தார். ஒரு பெண் ஜமக்காளத்தையே எடுத்தாள். தண்ணீர் பாட்டில்கள் கைமாறின. பத்து நிமிஷத்தில் எங்கள் பின்னால் முப்பது பேர் தாவிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் தாமதித்தால், பஸ் கண்டக்டர் மாதிரி, "முந்தே ஹோகி!" என்று கத்தினார்கள். முன்னே போங்கள் என்று அர்த்தம். செந்தில் உடனே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தே கத்த ஆரம்பித்தான். சிரித்துச் சிரித்து உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். அவ்வளவு பெருமையாக நான் அதுவரை நின்றதே இல்லை.

கோணிகளைத் தங்கச்சி கடையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் மலையிறங்கி நேரே வீடு சேர்ந்தோம். செருப்புகளைக் கணவர் சாயங்காலம் சைக்கிளில் போய்ப் பொறுக்கி வந்தார்.

மறுநாள் காலை அண்ணி வந்தார். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளின் சிவந்த உள்ளங்கால்களைப் பார்த்து, "ஐயோ, பொசுக்கிட்டியே!" என்று அலறினார். எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். குங்குமம் கையோடு வந்தது. விஷயத்தைப் பிள்ளைகள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அண்ணி சிரிக்கவில்லை. சரி, இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அடுத்த ஏப்ரலில் பிள்ளைகளோடு அண்ணியும் வந்து இறங்கினார், பையில் நான்கு கோணிகளைத் துவைத்து மடித்து வைத்துக்கொண்டு.

பல வருஷம் கழித்து வனிதாவின் கல்யாணம் சேலத்தில், மே மாதத்தில் நடந்தது. அக்கினியை வலம்வரும்போது புடவை தடுக்கி மணப்பெண் நின்றுவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் பதறினார்கள். முதல் வரிசையிலிருந்து அண்ணிதான் கத்தினார்:

"முந்தே ஹோகி!"