கூடும்காரர்

விஞ்ஞானிகளில் மூன்று இனம் உண்டு. கண்டுபிடித்தவர்கள் முதல் இனம். அவர்களைப் பாடப் புத்தகத்தில் போட்டாயிற்று, விட்டுவிடலாம். எதையும் கண்டுபிடிக்காமல், அதை ஒப்புக்கொண்டு, பாடம் நடத்திவிட்டுச் சாயந்திரம் வீட்டுக்குப் போகிறவர்கள் இரண்டாம் இனம். நல்லவர்கள், யாருக்கும் தொந்தரவில்லை. நமக்கு வேண்டியது மூன்றாவது இனம். இவர் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டார், கண்டுபிடிக்கவில்லை என்றும் சொல்ல மாட்டார். ‘இது பயன்படக்கூடும்’ என்பார். எப்போது? வருங்காலத்தில். யாருக்கு? மனித குலத்துக்கு. எப்படி? மேலும் ஆய்வு தேவை. இந்த இனத்துக்குக் கூடும்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவே ஒரு பொறியியல் கல்லூரியில் வேதியியல் துறைத்தலைவராக இருக்கும் முனைவர் நவநீதகிருஷ்ணன் இந்த இனத்தில் நன்றாக வளர்ந்த ஒருவர். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் சர்க்கரை அளவைச் சொல்கிற ஆட்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவர் கட்டுரை எண்ணிக்கையைச் சொல்வார். இருபத்திரண்டு வருடம், நூற்றுப் பன்னிரண்டு கட்டுரை. அதில் அம்மோனியாவை மோப்பம் பிடிப்பது பற்றி மட்டும் நாற்பத்தொன்று. மின்னஞ்சலைவிட அதன் அடியில் வரும் பட்டங்கள் நீளம். சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையில் தன் பெயருக்குப் பின்னால் அத்தனை பட்டத்தையும் போடச் சொன்னதில், காது குத்தப்படும் குழந்தையின் பெயர் பின்பக்கத்துக்குப் போய்விட்டது.

அவருடைய துறை திரவப் படிகம். கைபேசித் திரையிலும் கணக்குப் போடும் கருவியிலும் இருக்கிற சமாச்சாரம்தான். திரவமும் இல்லை, திடமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பொருள் என்று ஒருநாள் இட்லி சாப்பிட்டுக்கொண்டே மனைவி வசந்தாமணிக்கு விளக்கினார்.

“அப்ப அதும் உங்களாட்டத்தானுங். ஒரு முடிவுக்கு வராது” என்றாள் அவள்.

இந்தத் திரவப் படிகத்தைப் பாலிமருக்குள் பொடித்துளிகளாக அடைத்து, விசிட்டிங் கார்டு அளவில் மெல்லிய படலமாக வார்த்தால், சும்மா இருக்கும்போது பச்சையாக இருக்கும். அம்மோனியா பட்டதும் சிவப்பாகும். வார்த்தால் என்றதும் நவநீதகிருஷ்ணன் வார்த்தார் என்று நினைத்துவிடாதீர்கள். துறைத்தலைவர்கள் எதையும் வார்ப்பதில்லை. வார்த்தவள் ஷாஹீன். சேலம் கோட்டைப் பக்கம் துணிக்கடை வைத்திருக்கும் ரஹமத்துல்லாவின் மகள். ஐந்து வருடமாகச் சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகும் ஆய்வு மாணவி.

ஒரு மழை நாளில் ஆய்வகத்து ஏசி பழுதாயிற்று. அன்றைக்குப் படலம் எத்தனை அம்மோனியா காட்டினாலும் அசையாமல் பச்சையாகவே இருந்தது. ஷாஹீன் விடவில்லை. பத்து நாள் சோதித்து, காற்றில் ஈரம் ஏற ஏறப் படலம் மரத்துப்போகிறது என்று வரைபடம் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

“சார், கட்டுரையில இது ஏழாவது படமா வரணும்.”

“ஆறு படமே போதும்மா. ஏழு ராசியில்ல.”

“ராசியா சார்?”

“ஜர்னல் ராசிம்மா.”

ஏழாவது படம் நீங்கியது. கட்டுரை வெளிவந்தது. ‘கோழிப்பண்ணைகளில் பயன்படக்கூடும்’ என்று வழக்கம்போல் முடிந்தது. இதுவரை ஒரு குறையும் இல்லை. ஆனால் உள்ளூர் நிருபர் ஒருவர் இதைச் செய்தியாகப் போட்டார். போடும்போது இடம் பற்றாமல் ‘கூடும்’ என்பதை வெட்டிவிட்டார். ‘பயன்படும்’ என்று அச்சாகிவிட்டது! ஒரு கூடும்காரரின் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய விபத்து கிடையாது. நவநீதகிருஷ்ணன் என்ன செய்தார்? நிருபரைக் கூப்பிட்டுத் திருத்தச் சொன்னாரா? செய்தியைக் கத்தரித்து லேமினேட் செய்து அறையில் மாட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் செங்கோட்டையன் வந்து இறங்கினார். வசந்தாமணியின் அண்ணன். மோகனூர் ரோட்டில் இருபதாயிரம் முட்டைக்கோழி வளர்க்கிறவர். காப்பியைக்கூட வாங்கவில்லை.

“மாப்ள, பேப்பர்ல பாத்தனுங். நம்ம பண்ணைக்கு ஒரு இருவது துண்டு குடுங்.”

“அது வந்துங்க மச்சான், இன்னும் அடுத்த கட்ட ஆய்வு...”

“அதைய நீங்க பண்ணுங். துண்ட மட்டும் குடுங்.”

நவநீதகிருஷ்ணன் நூற்றுப் பன்னிரண்டு கட்டுரை எழுதியிருக்கிறார், ஒருவர்கூட அவரிடம் வந்து பொருளைக் கேட்டதில்லை. ஈரத்தில் வேலை செய்யாது என்று சொன்னால் சுவரில் மாட்டியது என்னாவது? அதற்குள் வசந்தாமணி சமையலறையிலிருந்து வந்துவிட்டாள்.

“எங்கூட்டுக்காரரு கண்டுபுடிச்சதைய எங்கண்ணன் பண்ணையிலதான் மொதல்ல மாட்டோணும்.”

இருபத்திரண்டு வருடத்தில் மனைவி அவரைப் பெருமையாகப் பார்த்தது அன்றைக்குத்தான். யார்தான் அதைக் கெடுத்துக்கொள்வார்? நீங்கள் கெடுத்துக்கொள்வீர்களா? ஷாஹீன் இருபது துண்டு வார்த்தாள். கொடுக்கும்போது, “சார், மழைக்காலம் வருது” என்றாள்.

“வரட்டும்மா. விவசாயிங்களுக்கு நல்லது” என்றார் அவர்.

அந்த வருடம் ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் காய்ந்த காற்று. படலம் சொன்னபடி கேட்டது. கூண்டுகளுக்குக் கீழே குவிந்த எச்சத்திலிருந்து அம்மோனியா நெடி கிளம்பினால் சிவந்தது. செங்கோட்டையன் எச்சத்தை அள்ளச் சொன்னார், பக்கவாட்டுப் படுதாவைத் தூக்கிக் கட்டினார், மறுபடி பச்சையாயிற்று. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். நவநீதகிருஷ்ணன் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, கொட்டகைக்கு வெளியே, நெடி வராத பக்கமாகத் தள்ளி நின்று படம் எடுத்துக்கொண்டார். கல்லூரி விழா ஒன்றில் ‘பயன்படுகிறது’ என்றே சொல்லிவிட்டார். நிகழ்காலம் இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. சாரல் கோழிமேல் அடிக்காமல் இருக்க நாலு பக்கமும் படுதாவை இறக்கிவிட்டார்கள். இரண்டாம் நாள், முட்டை பொறுக்கும் ராமாயி வெளியே வந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நெடி தாங்கலீங் சாமி. கண்ணு எரியுதுங்.”

செங்கோட்டையன் படலத்தை அண்ணாந்து பார்த்தார். பச்சை.

“பச்சையா இருக்குது பாரு. உன்ற கண்ணுலதான் ஏதோ கோளாறு.”

மூன்றாம் நாளும் சொன்னாள். நான்காம் நாள் செங்கோட்டையன் நல்ல மனுஷராக அவளைத் தன் வண்டியிலேயே ஏற்றிக் கண் டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். கோழிகளுக்கு யார் எழுதிக் கொடுப்பது? ஏழாம் நாள் அவை கண்ணை மூடிக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டன. தீவனம் அப்படியே கிடந்தது. ஒரு நாளைக்குப் பதினெட்டாயிரம் முட்டை வந்த இடத்தில் பதின்மூன்றாயிரம் வந்தது. முந்நூறு கோழி செத்தது. வரவழைத்த கால்நடை டாக்டர் கொட்டகை வாசலில் ஓரடி வைத்தவர் இரண்டடி பின்வாங்கினார்.

“உள்ள மூச்சே விட முடியலையே! இங்க ஒருத்தருக்குமா தெரியல?”

உள்ளே இருபது படலமும் வயல்வெளி மாதிரிப் பச்சைப்பசேலென்று தொங்கிக்கொண்டிருந்தன.

செங்கோட்டையன் போனில் கத்தவில்லை. “மாப்ள, ஒருக்கா வந்துட்டுப் போங்” என்றார், அவ்வளவுதான். கத்தியிருந்தால் நவநீதகிருஷ்ணனுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். தொழில்நுட்ப விளக்கத்துக்கு என்று ஷாஹீனையும் காரில் ஏற்றிக்கொண்டார். வழிநெடுக ‘மாணவியின் சோதனையில் ஒரு சிறு பிழை’ என்ற வாக்கியத்தை மட்டும் மனசுக்குள் இரண்டு மூன்று விதமாக மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தார். இந்த இனம் ஆபத்தில் எடுக்கும் ஆயுதம் இது ஒன்றுதான். பல்லியின் வால் மாதிரி, மாணவர் கழன்று விழுவார், பேராசிரியர் தப்பிவிடுவார்.

மழை விடவில்லை; டாக்டர் சொன்னபின் படுதாவைப் பாதி தூக்கியும் நெடி அடங்கவில்லை. இந்த முறை வெளியே நிற்க வழியில்லை. செங்கோட்டையன் படுதாவை விலக்கிக்கொண்டு, “வாங்” என்று உள்ளே போனார். அம்மோனியா என்ற சொல்லை ஆயிரம் தடவையாவது எழுதியிருப்பார் நவநீதகிருஷ்ணன்; அது மூக்கில் ஏறினால் எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணில் மிளகாய் தேய்த்தாற்போல் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணுக்கு முதலில் தெரிந்தது பக்கத்துக் கூண்டில் ஒரு கோழி. இமை இரண்டும் ஒட்டிப்போயிருந்தது. தீவனத் தொட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாமல், அதற்கு அரையடி தள்ளி, வெறும் கம்பியைக் கொத்திக்கொண்டிருந்தது. கொத்தும், நிறுத்தும், மறுபடி கொத்தும். அவர் கையை நீட்டித் தொட்டியை அதன் பக்கம் நகர்த்தப் பார்த்தார். தொட்டி நகருகிற மாதிரி செய்யப்பட்டதில்லை.

செங்கோட்டையன் ஷாஹீனிடம் திரும்பினார்.

“ஏனம்மிணி, காஞ்ச காத்துல செவந்தது மழ வந்தப்பறம் அசையல. ஈரத்துல இது வேல செய்யாதுன்னு உனக்குத் தெரியுமா?”

ஷாஹீன் பேராசிரியரைப் பார்த்தாள். அவளுடைய ஆய்வேடு, ஐந்து வருட உழைப்பு, அவர் மேசையில் கையெழுத்துக்காகக் காத்துக்கிடந்தது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

“தெரியும்ங்க” என்றாள்.

“தெரிஞ்சுமா சொல்லல?”

நவநீதகிருஷ்ணன் தயாராக வைத்திருந்த வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தார். நெடி நேராகத் தொண்டைக்குள் இறங்கியது. இருமினார், குனிந்தார், கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமினார். நிமிர்ந்தபோது வாயிலிருந்து வேறு வாக்கியம் வந்தது.

“அந்தப் புள்ள சொல்லுச்சுங்க மச்சான். படமே போட்டுக் காட்டுச்சு. நாந்தான் எடுத்துப்போடச் சொன்னேன்.”

இது மனசாட்சியின் வேலையா, அம்மோனியாவின் வேலையா என்று என்னைக் கேட்காதீர்கள். மேலும் ஆய்வு தேவை.

செங்கோட்டையன் ஒவ்வொரு படலமாக அவிழ்த்து, இருபதையும் மாப்பிள்ளை கையில் கொடுத்தார். வெளியே வந்து ராமாயியைக் கூப்பிட்டார்.

“ராமாயி, நான் சொன்னது தப்பு. இனி நெடின்னு நீ சொல்லி வாய மூடறதுக்குள்ள படுதாவத் தூக்கீரோணும். என்னையக் கேக்கோணும்னு இல்ல.”

“அதைய மொதல்லயே பண்ணியிருந்தா நானு டாக்டர் ஊட்டுக்குப் போயிருக்க வேண்டியதில்லீங் சாமி” என்றாள் அவள்.

மதியம் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று செங்கோட்டையன் பிடிவாதம் பிடித்தார். கொங்கு நாட்டில் கோபத்துக்கும் இலை போடுவார்கள். ரசம், பொரியல், தயிர் எல்லாம் இருந்தது. முட்டை மட்டும் இல்லை.

அடுத்த வாரமே ஷாஹீனின் ஆய்வேட்டில் கையெழுத்து விழுந்தது. ஏழாவது படம் அதில் தனி அத்தியாயமாக ஏறியிருந்தது. நூற்றுப் பதின்மூன்றாவது கட்டுரையும் தயாராயிற்று. முதல் பெயராக அவளுடையதைப் போடச் சொன்னார். இதற்கு முன் எந்த மாணவர் பெயருக்கும் அந்த யோகம் வாய்த்ததில்லை. கடைசி வரியாக ‘ஈரமான கோழிக்கொட்டகையில் இந்தப் படலம் பயன்படாது’ என்று அவள் எழுதியிருந்தாள். நவநீதகிருஷ்ணன் மூன்று தடவை படித்தார். பேனா இரண்டு தடவை கிட்டே போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

ஜர்னல் திருப்பி அனுப்பிவிட்டது. ‘புதுமை போதாது’ என்றது. நூற்றுப் பன்னிரண்டையும் வாய் திறந்து வாங்கிக்கொண்ட உலகம், அவர் அனுப்பிய முதல் உண்மையைத் துப்பிவிட்டது. சரி, செய்தியையாவது திருத்துவோம் என்று நிருபரைக் கூப்பிட்டார்.

“பயன்படாதுன்னா அது நியூஸ் இல்லையே சார்” என்றார் நிருபர்.

லேமினேட் செய்ததை அவர் சுவரிலிருந்து கழற்றினார். தூக்கிப் போட்டாரா என்று கேட்காதீர்கள். பீரோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். ஷாஹீன் பட்டம் வாங்கி ஓசூரில் ஒரு பெயின்ட் கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டாள். அங்கே மழை நாளில்தான் முதல் சோதனை வைப்பாளாம்.

போகட்டும். நவநீதகிருஷ்ணனைப் பார்த்து இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். நீங்கள் திரவப் படிகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை, ஒரு கட்டுரைகூட எழுதியதில்லை, இந்த இனத்தில் சேர வாய்ப்பே இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போன கார்த்திகையில் மாடி வீட்டை வாடகைக்கு விட்டீர்களே, அப்போது கைக்குழந்தையோடு வந்து கேட்ட அந்தப் பெண்ணிடம், நம்ம போர்வெல் சித்திரையிலும் வற்றாது என்றீர்களே, அது எந்த வருடத்துச் சித்திரை? பதற வேண்டாம். பங்குனி பிறந்து குழாயில் காற்று வரும் வரை அவள் கேட்க மாட்டாள்.