‘அ’ தொட்டியில் எல்லோரும் நலம்

வியாழக்கிழமை காலை டொமினிக் ஆய்வுகூடக் கதவைத் திறந்தபோது ‘அ’ தொட்டியில் இரண்டு மீன்கள் வயிற்றை மேலே காட்டி மிதந்தன. அவன் கண்ணுக்கு அவை மீனாகத் தெரியவில்லை. மாத முடிவில் வரவேண்டிய நிரந்தர நியமனக் கடிதம்தான் இரண்டாகக் கிழிந்து மிதப்பதாகத் தெரிந்தது.

எட்டு வருடமாக அவன் போன இடமெல்லாம் தற்காலிகம். மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்த இந்த ஆராய்ச்சி நிலையத்தில்தான் முதன்முறையாக ஒருவர் ‘நிரந்தரம்’ என்ற சொல்லை அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஆனால் இவனுக்கு முன் இந்தத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்ட அஸ்பாக், ஒரே கிழமையில் ஒன்பது மீன் செத்ததோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டுமா? இங்கே மீன் செத்தால் ஆளுக்கும் அதே கதிதான் என்று டொமினிக் தானாகவே விளங்கிக்கொண்டான்.

ஆராய்ச்சி செய்கிற சர்மிலா மிஸ் முந்தின நாள்தான் கொழும்புக்குப் போயிருந்தார். போகுமுன் பத்து நிமிடம் நின்று விளக்கினார்.

“மீன்ட இரத்தத்தில கொழுப்பை ஏத்திக்கொண்டு திரியிற சின்னச் சின்ன உருண்டைகள் இருக்கு, டொமினிக் அண்ணன். மனிசருக்கு டொக்டர்மார் நல்ல கொழுப்பு எண்டு சொல்றது இந்த வகைதான். மீனுக்கு அது எங்களை விட நிறைய. அது கிருமியையும் கொல்லுது எண்டுதான் நான் சொல்றன். ‘அ’ தொட்டி மீனுக்கு ஊசி போட்டு அதைக் குறைச்சிருக்கு. ‘ஆ’ தொட்டி மீனைச் சும்மா விட்டிருக்கு. ரெண்டுக்கும் கிருமி விட்டிருக்கு. ஒவ்வொரு நாளும் எண்ணிக் கொப்பியில எழுதுங்க. கவனம், என்ட மூண்டு வருசம் இதுக்குள்ளதான் நீந்துது.”

கடைசி வசனம் மட்டும் டொமினிக்கின் மண்டையில் ஏறியது. நல்ல கொழுப்பு என்ற இடத்திலும் காது கொஞ்சம் நிமிர்ந்தது. அவனுக்கும் அது குறைவென்று ஆஸ்பத்திரியில் சொன்னதிலிருந்து மனைவி இமெல்டா வீட்டில் தேங்காய்ப் பால்சொதியையே நிறுத்தியிருந்தாள். ‘அ’ தொட்டியோடு அவனுக்கு ஒரு சொந்தம் உண்டாகிவிட்டது.

செத்த இரண்டையும் ஜெனரேட்டர் கொட்டிலுக்குப் பின்னால் புதைத்துவிட்டு, சைக்கிளை மிதித்து ஹமீட் காக்காவிடம் போனான். வாவித் திலாப்பியாவை வாளித் தண்ணீரில் உயிரோடு வைத்து விற்பவர் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான்.

“ரெண்டு குடுங்க காக்கா. உசிரோட.”

“பொரிக்கவா மனே, ஆணம் வைக்கவா?”

“சும்மா வச்சிருக்க.”

ஹமீட் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “உங்கட ஆராய்ச்சிக்காரர் எல்லாரும் ஒரு மாதிரித்தான்.”

கொண்டுவந்து விட்ட பிறகுதான் தெரிந்தது. தொட்டி மீன்கள் உள்ளங்கை அளவு. வந்தவை இரண்டும் கலியாண வீட்டுக்கு வந்த பெரியப்பாமார் மாதிரி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றன. திரும்பப் போய்ச் சின்னதாக மாற்றி வந்தான். பிறகு பார்த்தால், ‘அ’ தொட்டி மீன் ஒவ்வொன்றின் வாலிலும் மிஸ் அடையாளத்துக்கு ஒரு சின்ன வெட்டுப் போட்டிருக்கிறார். வீட்டுக்கு ஓடிக் கத்தரிக்கோல் எடுத்து வந்தான். கொப்பியில் எழுதினான்: ‘அ தொட்டி பத்து. எல்லோரும் நலம்.’

“இஞ்சாருங்க, என்ட நகம் வெட்டுற கத்தரிக்கோல் ஏன் மீன் வெடுக்கு அடிக்குது?” அன்று பின்னேரம் இமெல்டா கேட்டாள்.

“வேலை.”

“என்ன வேலை? மீனுக்கு நகம் வெட்டுறீங்களா?”

வால் என்று சொன்னால் இன்னும் மோசம் என்று டொமினிக் கத்தரிக்கோலைக் கழுவப் போனான்.

வெள்ளிக்கிழமை இன்னும் மூன்று போயின. ஹமீட் காக்காவிடம் இன்னும் மூன்று வாங்கி, வாலை வெட்டி விட்டான். இது கொழுப்புக் குறைவால் வந்த வினைதான், கொழுப்பு ஏற்றினால் சரி என்று அவனே வைத்தியம் எழுதினான். ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கொடுத்த மீன் எண்ணெய்க் குளிசை சட்டைப்பையில் இருந்தது. மீனுக்கே மீன் எண்ணெய் கொடுப்பதில் எங்கோ ஒரு பிழை இருப்பதாக மனதில் பட்டது. நின்று யோசிக்க நேரமில்லை. பன்னிரண்டு குளிசையையும் குத்தி ஊற்றினான்.

எண்ணெய் மேலே படர்ந்தது. மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. காற்றடிக்கிற பம்ப் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. டொமினிக் எண்ணெயை வழித்தெடுத்துவிட்டு, சைக்கிள் பம்பைக் கழற்றி வந்து பொழுதுபட்டு அது மறுபடி இருமத் தொடங்கும்வரை குந்தியிருந்து தொட்டிக்குக் காற்றடித்தான். கை மரத்துப்போனது. கண்ணில் தண்ணீர் வந்தது; அது எண்ணெய் பட்டதால் அல்ல.

சனிக்கிழமை காலை, மிஸ் விட்டுப்போனவற்றில் மிஞ்சியிருந்த ஐந்தும் செத்துக் கிடந்தன. ஹமீட் காக்காவிடம் வாங்கிய ஐந்தும் துள்ளிக்கொண்டிருந்தன. வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று யோசித்திருப்பார்கள். டொமினிக்குக் கத்தரிக்கோல் வேலை இருந்தது. இன்னும் ஐந்து வாங்கி வரும்போது, “திங்கக்கிழமை ரெண்டு அங்க கொண்டு வாங்க காக்கா, எதுக்கும்” என்று ஹமீட்டிடம் சொல்லி வைத்தான்.

ஞாயிறு பூசையில் மற்றவர்கள் வெளிநாடு போன பிள்ளைகளுக்காக மெழுகுதிரி ஏற்றியபோது, அவன் பத்து திலாப்பியாக்களுக்காக ஒன்று ஏற்றினான். ஆண்டவரே, நாற்பத்தொரு வயதில் என்னை இப்படி ஒரு வேலைக்கு விட்டீரே என்று மனம் விட்டு அழவும் செய்தான்.

திங்கட்கிழமை சர்மிலா மிஸ் தன் பேராசிரியரோடு வந்து இறங்கினார். பேராசிரியர் இரண்டு தொட்டியையும் இரண்டு தரம் எண்ணினார்.

“‘அ’ பத்தும் உயிரோட. ‘ஆ’ பத்தும் உயிரோட. அப்ப இந்தக் கொழுப்புக்கும் கிருமிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, சர்மிலா. எனக்கும் கவலைதான்.” அவர் பிளேன்ரீ குடிக்க வெளியே போய்விட்டார்.

கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் மிஸ் அப்படியே குந்திவிட்டார்.

“என்ன மிஸ், ஒண்டும் சாகல்லயே” என்றான் டொமினிக்.

“சாகவேணும் அண்ணன். ‘அ’ தொட்டி செத்தாத்தான் நான் சொன்னது சரி. போன முறை பத்தில ஒன்பது செத்தது. அதை நம்பித்தான் சேர் எனக்கு இந்த இடத்தைத் தந்தவர். இண்டையோட எல்லாம் முடிஞ்சுது.”

வாயைத் திறந்தால் கடிதம் போய்விடும். திறக்காவிட்டால் ஒரு பிள்ளையின் மூன்று வருடம் போய்விடும். அவன் பயந்தவன்தான், ஆனால் கெட்டவன் இல்லை.

“மிஸ், அதுகள் செத்ததுதான். பத்தும். நான்தான் புதுசு வாங்கி விட்ட.”

மிஸ் எழுந்தார். திட்டு விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டான். விழவில்லை.

“உண்மையாவே செத்ததா?”

“ஓம் மிஸ்.”

“தானாவே செத்ததா? ஆரும் ஒண்டும் செய்யாம?”

“குளிசை குடுத்த நான். ஆனா அதுக்கு முதலே அஞ்சு போயிற்று.”

மிஸ்ஸின் முகத்தில் அப்படியொரு ஆச்சரியம். தான் சொன்னது பலித்துவிட்டதே என்று அவரே நம்பமுடியாமல் நின்றார். “எங்க அதுகள்? சேருக்குக் காட்டவேணும். கெதியா வாங்க.”

இருவரும் கொட்டிலுக்குப் பின்னால் ஓடினார்கள். பத்தையும் புதைத்த குழி வாயைப் பிளந்து கிடந்தது. உடும்பு முந்திவிட்டது. கொஞ்சம் செதிலும் வெட்டுப்போட்ட அரைவால் ஒன்றும்தான் மிச்சம். மிஸ் அந்த அரைவாலைக் கையில் எடுத்துக்கொண்டு மண்ணிலேயே இருந்துவிட்டார்.

“என்ன தேடுறீங்க?” பின்னால் பேராசிரியர் கோப்பையோடு நின்றார்.

அந்த நேரம் பார்த்து ஹமீட் காக்கா வாளியோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். டொமினிக்கைப் பார்த்தார், மிஸ்ஸைப் பார்த்தார், சைக்கிளை நிறுத்தினார்.

“மிஸ், போன முறை நீங்க செத்த மீன் ஒன்பது வேணுமெண்டீங்க, இந்த முறை இவர் உசிரோட பத்து வேணுமெண்டார், இனி நான் எதைக் கொண்டு வாற?”