பிளவ்திவ் நகரத்து ஏழு மலையும் உன் அம்மாவும்

சேசு மரி சூசை

பாலக்கரை, திருச்சி
12-8-1978

மெட்ராசில் விசாவுக்குக் காத்திருக்கும் அன்பு மருமகன் கிளமென்டுக்கு, தாய்மாமன் இருதயநாதன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே என் இடுப்புவலி நீங்கலாக எல்லாரும் சுகம்.

உன் அம்மா சம்மதித்துவிட்டாள். இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன், யார் கேட்டீர்கள்? டப்பாவில் பழம் அடைக்கிற படிப்புக்கு பல்கேரியாக்காரனே ஸ்காலர்ஷிப் கொடுத்தும், "முன்பின் தெரியாத ஊருக்கு அனுப்ப மாட்டேன், சம்மதக் கடிதத்தில் கையெழுத்தும் போட மாட்டேன்" என்று அக்கா படுத்துவிட்டாளே, ஊரைத் தெரிந்துகொண்டால் பயம் போய்விடும் என்று மலைக்கோட்டைக்குக் கீழே பழைய புத்தகக் கடையில் நீ படிக்கப் போகிற பிளவ்திவ் நகரச் சரித்திரத்தை இங்கிலீஷில் வாங்கி வந்து, எட்டாம் வகுப்பை இரண்டு வருஷம் ஆழமாகப் படித்தவன் என்ற முறையில் நானே தமிழில் எடுத்துவிட ஆரம்பித்தேன்.

"நம்ம ஊர் மாதிரியேதான்க்கா, ஆறு இருக்கு, மலை இருக்கு, நமக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஏழு" என்றேன். முகம் தெளிந்தது. பிலிப்பு ராஜா அந்த ஊரைப் பிடித்து அதற்குத் தன் பெயரையே வைத்தான் என்றேன். "அப்போஸ்தலர் பேராச்சே" என்று எழுந்து உட்கார்ந்தாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம், சரித்திரம் வந்தால் எனக்குத்தான் வாய் நிற்காதே. ரோமாக்காரன் வந்தான், வடக்கேயிருந்து கோத்துக்காரன் என்று ஒரு படை வந்து சூறையாடியது என்றேன்.

"அந்தக் கோத்துக்காரனுங்க இப்ப எங்கடா இருக்கானுங்க?"

"அவனுங்க செத்து ஆயிரத்தெழுநூறு வருஷம் ஆச்சுக்கா."

"பேரன் பேத்தி இருப்பாங்கல்ல?"

நான் அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினேன். துருக்கிக்காரன் வந்து ஐந்நூறு வருஷம் இருந்தான் என்றால், "ஒருத்தன் வந்தா கிளம்பவே மாட்டானா?" என்கிறாள். 1928-இல் பூகம்பம் என்றால், "அம்பது வருஷம் ஆச்சா? அப்ப அடுத்தது என் பிள்ளை போற நேரத்துக்குத்தான்" என்று விரல்விட்டு எண்ணுகிறாள். ஏழு மலையில் ஒன்றை உடைத்து ரோட்டுக்குப் போட்டார்கள் என்றதும், "மலையையே விட்டு வைக்காதவனுங்க என் பிள்ளையையா விடுவானுங்க!" என்று அழுத அழுகையில் எதிர்வீட்டு கமர் ஜஹான் "யாருக்கு என்னாச்சு?" என்று ஓடி வந்துவிட்டார்.

நான் அசரவில்லை. கடைசிப் பக்கத்தைத் திறந்து, "இரண்டாவது மலையில் சகாய மாதா கோயில், பூகம்பத்தில் ஊரே ஆடியும் அங்கே எரிந்த மெழுகுவர்த்தி அணையவில்லை" என்று நிறுத்தி வாசித்தேன்.

அக்கா மூக்கைச் சிந்தினாள். "இதை முதல்ல சொல்றதுக்கு உனக்கு என்னடா?" என்று பேனாவைக் கேட்டாள்.

கையெழுத்து இத்துடன் இருக்கிறது. அந்த மாதாவுக்கு ஏற்றி வைக்க ஒரு முழ மெழுகுவர்த்தியை மெட்ராசுக்கு வருகிற ரெங்கராஜிடம் கொடுத்தனுப்புகிறாள், கோயில் முன்னால் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். தினம் செபமாலை சொல்லு, குளிருக்குக் காதை மூடிக்கொள், தேவன் உன்னைக் காப்பார்.

அன்பு மாமன்,
இருதயநாதன்

பி.கு.: எந்தக் கோயில் கண்ணில் பட்டாலும் மெழுகுவர்த்தியைக் கொளுத்திவிடு, போட்டோவில் பெயர்ப்பலகை மட்டும் விழ வேண்டாம். அந்த சகாய மாதா கோயில் நான் கட்டியது. கடைசிப் பக்கத்தில் இருந்தது அச்சாபீஸ் விலாசம்.