போகவிட்ட புண்ணியவான்

உலகத்தில் கொடுப்பவர்கள் உண்டு, கொடுக்காதவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது: கொடுத்துவிட்டு, கொடுத்த இடத்தைவிட்டு நகராதவர்கள். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று வாங்கினவனுக்குப் பாடம் சொல்லி வைத்திருக்கிறோம். சரி. கொடுத்தவரே தினமும் காலையில் வந்து பல்லை எண்ணினால் அந்த மாடு யாரிடம் போய் முறையிடும்?

நான் சொல்லப்போகிறவரை அக்கம்பக்கத்தில் ‘வாசல்காரர்’ என்பார்கள். காப்பீட்டு அலுவலகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டை ஒட்டி ஒரு மண்பாதை ஓடியது. நிலம் அவருடையது, ஆனால் பின்னால் இருந்த சில வீடுகளுக்கு வெளியே வர அதைவிட்டால் வேறு வழி கிடையாது. அவர்கள் நடந்துபோகும் உரிமை பத்திரத்திலேயே இருந்தது. பத்திரத்தை யார் தினமும் படிக்கிறார்கள்? வாசல்காரர் முகத்தைத்தான் தினமும் படித்தாக வேண்டியிருந்தது.

காலையில் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பாதை தொடங்கும் இடத்தில் நாற்காலியைப் போட்டு, செய்தித்தாளை விரித்து, அதன் விளிம்புக்கு மேலே இரண்டு கண்களை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒருவரையும் ஒருநாளும் மறித்ததில்லை. அதுதான் கஷ்டமே! மறித்திருந்தால் சண்டை போட்டுவிட்டாவது போயிருக்கலாம்.

“போங்க, போங்க, நம்ம இடம்தானே! தாராளமா போங்க!”

‘நம்ம’ என்றால் கேட்பவரையும் சேர்த்துத்தான் என்கிறது இலக்கணம். அவர் வாயைத் திறந்ததும் இலக்கணம் எழுந்து வெளியே போய்விடும்.

பின்வீட்டுத் தையல்காரர் துணிமூட்டையைக் கீழே வைத்துக் கும்பிட்டுவிட்டு, மறுபடி தூக்கிக்கொண்டு போவார். கடைசி வீட்டு நர்ஸம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக விறுவிறுவென்று போய்விடுவாள். “திமிரு” என்பார் வாசல்காரர். “வேலைக்கு நேரமாகுதோ என்னவோ” என்பாள் அவர் மனைவி.

ஒரு மழைக்காலத்தில் நர்ஸம்மாவின் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். வந்த ஆம்புலன்ஸ் சேற்றைப் பார்த்து முனையிலேயே நின்றுவிட்டது. பெரியவரை நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு, வழுக்கி வழுக்கி வந்து சேர்த்தார்கள். இடுப்பெலும்பு பிழைத்தது அவர் செய்த புண்ணியம். மறுவாரமே அவள் நகராட்சிக்குப் போய் நின்றாள்.

“தனியார் பாதைக்கு ஒரு கூடை ஜல்லிகூடப் போட முடியாதும்மா” என்றார் பொறியாளர். “இடத்துக்காரர் எழுதிக் குடுத்தா பொதுத் தெருவா எடுத்துக்கறோம். தார், விளக்கு எல்லாம் தானா வரும்.”

பின்வீட்டார் எல்லாரும் கூட்டமாக வாசல்காரரிடம் வந்தார்கள். தையல்காரர்தான் கேட்டார்: “எழுதிக் குடுத்துடறீங்களா சார்?”

வாசல்காரர் செய்தித்தாளை மடித்தார், மறுபடி விரித்தார். கேட்டவருக்கு இல்லையென்று சொன்னதில்லை என்று ஊரெல்லாம் தமுக்கடித்தவர் அவரேதான். இப்போது எந்த வாயால் இல்லை என்பார்?

உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள். “குடுத்தாச்சு குடுத்தாச்சுன்னு தினம் சொன்னீங்க. அதைத்தான் குடுக்கச் சொல்றாங்க. என்ன யோசனை?”

கையெழுத்துப் போட்டுவிட்டார். நடக்கவிட்டதற்கே இத்தனை கும்பிடு என்றால், எழுதிக் கொடுத்ததற்கு எத்தனை விழும் என்று உள்ளூர ஒரு கணக்கு. அங்கேதான் பிசகியது.

தார் விழுந்தது, விளக்கு எரிந்தது. அடுத்த காலை தையல்காரர் மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் ஹாண்டில்பாரைப் பிடித்தபடி, மணியடித்துக்கொண்டு போனார். மணி! வாசல்காரரை விலகச் சொல்லி! பின்னாலேயே முன்பின் தெரியாத ஒருவர் கையை வீசிக்கொண்டு வந்தார்.

“யாரைப் பாக்கணும்?” என்றார் வாசல்காரர்.

“யாரையும் இல்லை. சும்மா நடக்கறேன்.”

“சும்மாவா?”

“தெருதானே சார்!”

நாற்காலி வீட்டுக்குள் போனது. அவரும் போனார். சாப்பாட்டைப் பாதியில் ஒதுக்கினார். “வயிறு சரியில்லை” என்றார். வயிறு சரியாகத்தான் இருக்கிறது என்று மனைவிக்குத் தெரியும்.

சில நாள் கழித்து மாலையில், குப்பை போட வெளியே வந்தவர் எதிரில் நர்ஸம்மா வந்து நின்றாள்.

“என்ன சார், ஆளையே காணோம்? உடம்புக்கு முடியலையா?”

அவர் குப்பைக்கூடையோடு திகைத்தார். “இத்தனை வருஷமா என்னை நிமிர்ந்துகூடப் பாத்ததில்லையேம்மா!”

“நிமிர்ந்தா கும்பிடணும் சார். கும்பிட்டா, கேட்டுட்டுப் போற மாதிரி இருக்கும்.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சிரித்தாள். “இப்ப தெருவில பாத்தா பேசறேன், அவ்வளவுதான். கையைக் குடுங்க.” நாடியைப் பிடித்துப் பார்த்தாள். “நல்லாத்தான் ஓடுது. மாமா தனியா உக்காந்திருக்கார். சீட்டாட ஆள் கிடைக்கலைங்கிறார். வாங்களேன்.”

வாசல்காரர் குப்பைக்கூடையைக் கீழே வைத்தார். தன் சொந்தப் பாதையின் மறுகோடியை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. அங்கே அவருக்கு என்ன வேலை? சட்டையை மாற்றிக்கொண்டு, புதுத்தார் மேல் மெல்ல நடந்து போனார். யாரைப் பார்க்க வேண்டும் என்று வழியில் யாரும் அவரைக் கேட்கவில்லை. அது ஒரு மாதிரி சுகமாகவே இருந்தது. பெரியவர் சீட்டைக் கலைத்தார். இரண்டு ஆட்டத்திலும் வாசல்காரர் தோற்றார். இரண்டுக்கும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

கிளம்பும்போது பெரியவர், “அடிக்கடி வந்துட்டுப் போங்க” என்றார்.

“வராம என்ன? வழியை எழுதிக் குடுத்ததே நான்தானே!”

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். நர்ஸம்மா அடக்கமுடியாமல் சிரித்துவிட்டாள். பாவம், நோய் ஒரே வேளை மருந்தில் தீர்கிறதா? ஆனால் மறுநாளும் போனார்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? போன வாரம் பின்னால் வந்தவருக்காகக் கடைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றீர்களே. அவர் கைபேசியைப் பார்த்தபடியே நுழைந்து போனதும், ‘ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவான்’ என்று முணுமுணுத்தது யார்? கதவு எப்போதோ சாத்திக்கொண்டது. கையை எடுங்கள்.