முன்பாதி மட்டும் தங்களுடையது

அஸ்தினாபுரம்,
12.11.1987

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய ஐசக் மாமாவுக்கு,

தங்கள் அக்கா மகள் ஞானஜோதி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே அப்பா, அம்மா, நான், ஆறு கோழிகள் எல்லோரும் சுகம். ஜபல்பூரில் தங்கள் சுகத்துக்காகவும், முக்கியமாகத் தங்கள் ரத்த அழுத்தத்துக்காகவும் தினமும் ஜெபிக்கிறோம். கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

மிலிட்டரியிலிருந்து ஓய்வு பெற்று அடுத்த வெள்ளிக்கிழமை வருவதாகவும், எங்கள் வீட்டில் விட்டுப்போன ஜீப்பை ஏலகிரி நிலத்துக்கு ஓட்டிப்போகப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். வாருங்கள். ஜீப் இருக்கிறது. முன்பாதி அப்படியே இருக்கிறது. பின்பாதி துருப்பிடித்து ஓட்டை விழுந்ததால், "மச்சான் வர்றதுக்குள்ள சர்ப்ரைஸா செஞ்சி வச்சிடுவோம்" என்று அப்பா திரிசூலம் பக்கம் ஒரு கல்குவாரியில் படுத்துக்கிடந்த பழைய மிலிட்டரி டிரக்கை வாங்கிவந்தார். அதற்குப் பின்பாதி மட்டும்தான் தேறியது. அப்பாவோடு பன்னிரண்டு வருடமாகக் கேரம் ஆடும் மெக்கானிக் ஜெயவேலு அண்ணன் இரண்டையும் நடுவில் அறுத்து வெல்டிங் வைத்துவிட்டு, அப்பாவிடம், "தாவீதண்ணே, மலை மேல உட்டா ஆடு மாறி ஏறும் பாரு" என்றார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து சாலமோன் பாஸ்டர் வண்டியைப் பிரதிஷ்டை செய்ய வந்தார். இரண்டு வண்டியை ஒன்றாக்கியதற்கு ஜெபம் எதுவும் இல்லாததால் கல்யாண ஜெபத்தையே கொஞ்சம் மாற்றிச் சொன்னார். முன்னால் நிற்பது ஆபத்து என்று அப்பா பாஸ்டர் உட்பட எல்லோரையும் வண்டிக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, ஃபர்ஸ்ட் கியர் போட்டார். வண்டி பின்னால் பாய்ந்தது. "ஏங்க, பின்னாடி வருதுங்க!" என்று அம்மா அலற, "ஃபர்ஸ்ட் கியர்தாண்டி போட்டிருக்கேன்!" என்று அப்பா வண்டியே பொய் சொல்வதுபோல் கத்த, பாஸ்டர் அங்கியைத் தூக்கிக்கொண்டு கோழிக்கூண்டின் மேல் ஏறிவிட்டார். "நாலு சக்கரமும் இழுக்குற லீவரப் போடுண்ணே, சரியாப் பூடும்" என்றார் ஜெயவேலு அண்ணன். போட்டதும் முன்சக்கரங்கள் முன்னாலும் பின்சக்கரங்கள் பின்னாலும் சுற்றி, வண்டி நின்ற இடத்திலேயே நின்று நாலு பள்ளம் தோண்டியது. தண்ணீருக்குப் போர் போடுகிறோம் என்று நினைத்து எதிர்வீட்டு சாமுண்டீஸ்வரி அக்கா குடத்தோடு வந்துவிட்டார்.

பின் ஆக்சிலைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ரிவர்ஸ் கியர் போட்டால் முன்னால் போகிறதே என்று, அப்பாவும் ஜெயவேலு அண்ணனும் தாம்பரத்தில் ஒரு லேத் பட்டறைக்கு நடக்கிற வேகத்தில் ஓட்டிப்போனார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் போலீஸ்காரர் மறித்தார்.

"யோவ், இன்னா வண்டி இது? வருதா, போவுதா?"

"வந்துகினுதான் கீது சார். போவுற கியர்ல வருது" என்றார் ஜெயவேலு அண்ணன்.

போலீஸ்காரர் ஃபைன் போட்டார். அங்கேயே, நடுரோட்டில், "ஆக்சிலுக்கு மேல எது கீழ எதுன்னு தெரியாதவன்லாம் ஒரு மெக்கானிக்காடா?" என்று அப்பா கேட்டுவிட்டார். ஜெயவேலு அண்ணன் ஸ்பேனரை சீட்டின் மேல் வைத்துவிட்டு நடந்து போனவர்தான், ஒன்பது நாளாக வரவில்லை. அப்பா கேரம் போர்டில் இரண்டு பக்கமும் தானே ஆடித் தோற்கிறார். வெள்ளிக்கிழமை தங்களுக்கு வரப்போகும் கோபம் முழுவதையும் ஜெயவேலு அண்ணன்மேல் காட்டும்படி எழுதச் சொன்னார். அவர் பட்டறை, சானடோரியம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில்.

அத்தைக்கு என் அன்பு. அம்மா தங்களுக்காக உபவாசம் இருக்கிறார். கர்த்தர் தங்களை நேர்த்திசையிலேயே கொண்டுவந்து சேர்ப்பாராக.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
ஞானஜோதி, பி.ஏ. (பட்டத்தைப் போடச் சொன்னது அப்பா)

பி.கு.: மேலே உள்ளதை அப்பா படித்துவிட்டார். இது அவர் படித்த பிறகு எழுதுவது. டிரக்கோடு, எதை எப்படி மாட்டுவது என்று படம் போட்ட ஒரு ஆங்கிலப் புத்தகம் வந்தது. ஆக்சில் மாட்டிய அன்று ஜெயவேலு அண்ணன் சரியாகத்தான் பிடித்திருந்தார். அப்பாதான், "பி.ஏ. படிச்ச புள்ள இருக்கறப்ப நம்ம ஏன்டா கொழப்பிக்கணும்?" என்று படத்தை என்னிடம் நீட்டினார். நான் படித்தது வரலாறு. ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதுவரை யாரும் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. "திருப்பி மாட்டுங்கண்ணா" என்றேன். அவர் மறுபேச்சில்லாமல் திருப்பினார். நடுரோட்டில் அத்தனை பேச்சு வாங்கியபோதும் என் பெயரைச் சொல்லவில்லை. அப்பாவுக்கு இது நினைவிலேயே இல்லை. ஆகவே மாமா, கோபத்தைப் பட்டறைக்குக் கொண்டுபோகாமல் நேரே என்னிடம் கொண்டுவரவும். அப்பாவிடம் நானே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.