பூஜைக்கு ஆகாத கேமரா

எனக்கு எழுத வராது. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, சிதம்பரத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோ கவுண்டரில் உட்கார்ந்து அடுத்தவர் முகங்களைப் பாஸ்போர்ட் அளவுக்கு வெட்டிக் கொடுத்தவள் நான். பத்திரிகையில் எழுத வந்ததே அதிகப்பிரசங்கித்தனம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் டூப்ளிகேட் அண்ணனைப் பற்றி யாராவது எழுதித்தான் ஆக வேண்டும்.

கடலூர் ஜில்லாவில் அவரைவிடப் பெருமைக்காரர் பிறந்ததில்லை. கடலூர் சிதம்பரம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அந்தக் காலத்துக் கேமராக்களைப் போலவே இந்தக் காலத்தில் செய்து விற்கிறார்களே, அவற்றைச் சேர்ப்பதுதான் அவருடைய உயிர். அதனால் எங்கள் கடையில் அந்தப் பெயர். நாங்கள் பஸ் ஸ்டாண்டில் அப்படிக் கூப்பிட்டால், பயணிகள் கையிலிருக்கும் டிக்கெட்டை ஒரு முறை திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள். அவர் கோபப்பட்டதே இல்லை. டாக்டர் பட்டம் கொடுத்ததுபோல் திரும்பிப் பார்ப்பார்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த பரங்கிப்பேட்டை பாய் ஒருவர் லீவில் வரும்போதெல்லாம் ஒன்று கொண்டுவருவார். துருத்தி வைத்தது ஒன்று, உள்ளங்கையில் அடங்குவது ஒன்று. எல்லாவற்றுக்கும் ராஜா, மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் வைத்த பெட்டிக் கேமரா. துண்டு துண்டாக வந்ததை அண்ணனே உட்கார்ந்து பூட்டினார். முடித்தபோது ஒரு ஸ்க்ரூ மிச்சம். அதைப் பர்ஸில் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

எங்கள் முதலாளியிடம் அந்தப் பெட்டிக் கேமராவின் ஒரிஜினல் இருந்தது. கண்ணாடி அலமாரியில், பூட்டு போட்டு. அமுக்கினால் ஷட்டர் அசையாது. ஆனாலும் அண்ணனைப் பார்த்தால் முதலாளிக்குச் சிரிப்பு.

"காசு குடுத்து யாராச்சும் போலியை வாங்குவானா மச்சான்?"

"ஒரிஜினல் வச்சிருக்கறவன் கேமராவுக்கு வாட்ச்மேன். நான் கேமராக்காரன்" என்பார் அண்ணன். "அப்ப இதை வாங்க ஜமீன்தாரா பொறந்திருக்கணும். அதே அழகு இப்ப கண்டக்டர் கைக்கு வருது. வந்துட்டுப் போவட்டுமே. உன்னுது நாலு பேர் கைமாறி வந்தது. இது என் கையில பொறந்தது."

அவருக்கு ஒரே ஓர் ஆசை. ஆயுத பூஜையன்று எங்கள் கடையில் மற்ற கேமராக்களோடு அந்தப் பெட்டிக் கேமராவும் உட்கார வேண்டும், அதற்கும் ஒரு பொட்டு வைக்க வேண்டும். வருஷா வருஷம் கேட்பார். வருஷா வருஷம் முதலாளி பேச்சை மாற்றுவார்.

ஒரு வருஷம் எங்கள் தெரு போட்டோக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து எங்கள் ஸ்டுடியோவில் பூஜை வைத்தார்கள். அண்ணன் டூட்டியை மாற்றிக்கொண்டு, காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துக்கொண்டு, கேமராவைக் குழந்தை மாதிரி துண்டில் சுற்றி வந்தார்.

"தொழில் பண்ற சாமானுக்குப் பண்ற பூஜை இது, பொம்மைக்கு இல்ல" என்றார் முதலாளி, அத்தனை பேர் முன்னால்.

அசையாத ஒரிஜினல் முன் வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்தது. அண்ணன் துண்டைப் பிரிக்கவே இல்லை. வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

கற்பூரம் காட்டி முடித்ததும், எல்லாரும் புதுச் சட்டையில் இருக்கிறோம், ஒரு குரூப் போட்டோ எடுத்துக்கொள்வோம் என்று ஒருவர் சொன்னார். ஆளாளுக்குத் தலையைச் சீவி வரிசையாக நின்றுவிட்டோம். எதிரே ஆள் இல்லை. ஊரிலுள்ள கேமரா முழுக்கப் பூஜையில். பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டும். தெருவிலேயே முதலாளி ஒருவரிடம் மட்டும் இருந்த கேமரா செல்போன்கூடச் சந்தனப் பொட்டோடு சாமிக்குப் பக்கத்தில் இருந்தது. போட்டோக்காரர்கள் அத்தனை பேரும் கைகட்டி நின்றார்கள்.

முதலாளி மெதுவாக வாசலுக்குப் போனார்.

"மச்சான், அதுல ஃபிலிம் ரோல் இருக்கா?"

"பொம்மை எங்கனா படம் எடுக்குமா?"

முதலாளி தலை குனிந்தார். அதற்குமேல் அண்ணனுக்குத் தாங்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேமராவோடு எழுந்துவிட்டார்.

அந்தக் கேமராவை மேலிருந்து குனிந்துதான் பார்க்க வேண்டும், அதிலும் இடம் வலம் மாறித் தெரியும். இந்தப் பக்கம் நகர் என்பார், நகர்ந்தால் திட்டுவார். "நடுவுல எவ்ளோ எடம் கெடக்கு, உள்ள போங்க, உள்ள போங்க." நான் வழக்கம்போல் கதவோரம் ஒதுங்கினேன். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"கதவுகிட்ட நிக்கற தங்கச்சி, ஃபுட்போர்டு வேணாம். நடுவுல வந்து நில்லு."

நடுவில் போய் நின்றேன். அவர் விசில் ஊதினார். நாங்கள் சிரித்ததும் அமுக்கினார். "ரைட்" என்றார்.

ஆயிரக்கணக்கான முகங்களை வெட்டிய எனக்கு, அந்தக் கடையில் என் முகம் விழுந்த படம் அது ஒன்றுதான். ஓரமெல்லாம் இருட்டு, ஓரத்தில் நின்றவர்களைத் தெரியாது. நடுவில் மட்டும் பளிச்சென்று இருக்கும்.

மறுநாள் விஜயதசமி. ரோலைக் கழுவினோம். முதலாளி அந்தக் கேமராவுக்குப் பொட்டு வைத்தார். அண்ணனின் கடலூர் வண்டி அன்று லேட்டாகத்தான் கிளம்பியது.