சன்னலோர இருக்கையும் ரோஜாக்காய்த் தேநீரும்

ஏழாவது காயைக் கீறும்போதே எழுத்தருக்கு விரலிடுக்கு அரிக்கத் தொடங்கிவிட்டது. அரித்த விரலால் பிடரியைச் சொறிந்தார். பிடரியும் அரித்தது.

வேலியோரக் காட்டு ரோஜாவில், பூ உதிர்ந்தபின் சிவக்கும் அந்தச் சிறு காய்களுக்குள் விதையைச் சுற்றி மெல்லிய சுணை இருக்கும் என்பதை அவர் அறியார். அறிய வாய்ப்பும் இல்லை. வாழ்நாளில் அவர் ரோஜாக்காய்த் தேநீரைக் கண்டதே இல்லை.

"அப்புறம் எதுக்கு மேனேஜர்கிட்ட தினமும் குடிக்கிறோம்னு சொன்னீங்க?" தையல் இயந்திரத்தின் முன்னிருந்து மனைவி கேட்டாள்.

"அவர் தினமும் குடிக்கிறேன்னார். நாங்களும் அதேதான் சார்னு வாயில வந்துடுச்சு."

எழுத்தரின் வாய்க்கு அது பழக்கம். மேலாளர் பித்தப்பையை அகற்றிக்கொண்டு வந்தபோதும் அவர் பணிவோடு அதையேதான் சொன்னார். பிறகு, அதை மெய்ப்பிக்க ஒரு வாரம் விடுப்பெடுக்க வேண்டியதாயிற்று.

பதினோரு ஆண்டுகளாக அவருக்கு வாய்த்தது நிலவறையில் இருந்த பதிவறை. அங்கே மழையா வெயிலா என்பதை மேலிருந்து வருபவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இம்மாதம் மேல்மாடியில் சன்னலோர இருக்கை ஒன்று காலியாகிறது. அது யாருக்கு என்று முடிவு செய்ய வேண்டிய மேலாளரோ, ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் தேநீர் அருந்த வருவதாகத் தாமாகவே சொல்லிவிட்டார்.

இப்போது மணி மூன்றரை.

காய்களைக் கொதிநீரில் போட்டார். நிறம் இறங்கவில்லை. இன்னும் கொதிக்கவிட்டார், நிறத்தோடு புளிப்பும் இறங்கியது. சர்க்கரையை அள்ளிப் போட்டார், பாகாகிவிட்டது. தண்ணீரை ஊற்றினார், ஒரு கல்யாணக் கூட்டத்துக்குப் போதுமான அளவுக்குப் பெருகியது. வாசலில் கார் வந்து நிற்கவே, கைக்கு எட்டிய துணியில் அவசரமாக வடிகட்டினார்.

"அது கொசுவலைத் துணி," என்றாள் மனைவி. "கொசுவைத்தான் நிறுத்தும், சுணைய நிறுத்தாது."

"வேற துணிக்கு இப்ப எங்க போறது?"

"தையல்காரி வீட்ல நின்னுகிட்டு கேக்கற கேள்வியா இது?"

மேலாளர் தம் மனைவியோடு உள்ளே வந்து அமர்ந்தார். கோப்பையை இரு கைகளாலும் வாங்கி, கண்களை மூடி, ஒரு மிடறு விழுங்கினார். தொண்டை ஒருமுறை செருமியது. மறுமுறையும் செருமியது. மூடிய கண்களின் ஓரத்தில் நீர் கசிந்தது. எழுத்தரின் மனத்துக்குள் ஒரு சன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

"இது..." என்று மேலாளர் இழுத்தார். "இதுதான்யா அசல். தொண்டையில லேசா அரிக்குது பாருங்க, நல்ல காய்க்கு அதுதான் அடையாளம். எங்க வீட்லயும் அப்படியே இதே பதம்தான்."

"நாங்களும் அதேதான் சார்," என்றார் எழுத்தர், பிடரியைச் சொறிந்தபடி.

"நாளைக்கே மேல வந்துடுங்க. சன்னல் பக்கம் உக்காருங்க."

எழுத்தருக்குக் கண்கள் பனித்தன. அதற்குக் காரணம் நன்றியா சுணையா என்று அவருக்கே விளங்கவில்லை.

மேலாளரின் மனைவி தம் கோப்பைக்குள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தையல்காரியின் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார்:

"இப்படித்தான் இருக்குமாம்மா இது? பேப்பர்ல படிச்ச நாள்லேர்ந்து தினம் குடிக்கிறேன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சுட்டார், எப்படி இருக்கும்னாவது பாத்துட்டு வந்துடலாம்னுதான் கிளம்பினோம்."